வசனம் எடுத்துக் கொடுக்காத இரவு

அன்புத் தோழிக்கு,

இங்கே எல்லோரும் நலம். உன் கடிதம் வந்து நான்கு நாளாகிறது. படித்த அன்றைக்கே பதில் எழுத உட்கார்ந்தேன். ஒரு பக்கம் எழுதியதும் கை ஓடவில்லை. கடைசிப் பத்தியில் நீ போகிறபோக்கில் எழுதியிருந்த மூன்று வரிதான் காரணம். அதற்குப் பதில் சொல்வதென்றால் அந்தப் பழைய நோட்டு கையில் இருக்க வேண்டும் என்று தோன்றியது. தேடினேன். அலமாரியின் மேல்தட்டில், மகனின் சான்றிதழ்களுக்கு அடியில் கிடந்தது. இப்போது பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

முதலில் வீட்டுச் செய்தி. அவருக்கு முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து, ஊன்றுகோல் இல்லாமல் நடக்கத் தொடங்கிவிட்டார். மகன் வேலை மாறிப் போய்விட்டான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பேசுகிறான். எனக்கு அலுவலகத்தில் வேறு பிரிவுக்கு மாற்றல். அவ்வளவுதான், வேறு விசேஷமில்லை.

உன் மகள் கல்லூரி நாடகக் குழுவில் சேர்ந்திருக்கிறாள் என்று படித்ததும் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். நடிக்க இடம் கிடைக்கவில்லை, வசனம் எடுத்துக் கொடுக்கிற வேலையைத் தலையில் கட்டிவிட்டார்கள், இரண்டு நாளாக யாருக்கும் முகம் கொடுத்துப் பேசவில்லை என்கிறாய். அந்த வேலையைப் பார்த்தவள் என்ற முறையில் நான் அவளுக்கு ஏதாவது எழுத வேண்டும் என்றும் கேட்டிருக்கிறாய். எழுதுகிறேன். இதையே அவளிடம் படிக்கக் கொடு, உனக்குச் சொல்ல வேண்டியதும் இதற்குள்தான் இருக்கிறது.

அந்தக் காலத்தில் நம் நாடகத்தில் அம்மா வேடத்துக்கு நம் இருவரையும் மாற்றி மாற்றிப் படிக்கச் சொன்னது நினைவிருக்கிறதா? நான் வேகமாகப் படிப்பேன். நீ ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஒரு மூச்சு எடுத்துக்கொள்வாய். இயக்கிய சீனியர் அக்கா அரை மணி நேரத்தில் முடிவு சொல்லிவிட்டாள். என் கையில் 80 பக்க நோட்டைக் கொடுத்து, முழு நாடகத்தையும் பிரதி எடுத்துவிட்டு, மேடையோர மறைவில், சைடு விங்கில் உட்காரச் சொன்னாள். வலித்தது, மறைக்க மாட்டேன். முதல் வாரம் உன்னிடம் நாடகத்தைத் தவிர வேறு எதுவும் பேசவில்லை. உனக்கு அது தெரியும். நான் அதை மறைக்கவும் இல்லை.

அப்புறம் எல்லோரும் பிரதியைக் கீழே வைக்கும் நாள் வந்தது. அன்றைக்குத்தான் என் வேலை எனக்குப் புரிந்தது. காகிதத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் எப்போதும் ஒரு நொடி பிந்திவிடுவோம். நடிப்பவரின் உதட்டைப் பார்க்க வேண்டும், விரல் மட்டும் வரிமேல் ஊர்ந்துகொண்டிருக்க வேண்டும். முழு வரியையும் சொல்லக் கூடாது. முதல் இரண்டு சொல் போதும், மீதி தானாக வரும். ரகசியக் குரலும் ஆகாது. காற்றுக் குரலில் 'ஸ்' 'ச்' எல்லாம் கூடத்தின் கடைசி வரிசை வரை கேட்கும், பக்கத்தில் நிற்பவருக்கோ சொல் புரியாது. தாழ்ந்த குரலில், நிஜக் குரலிலேயே சொல்ல வேண்டும். உன் மகளிடம் இதைக் கட்டாயம் சொல்.

இன்னொன்று, யாராவது பக்கம் தாண்டிக் குதித்தால் என்ன செய்வது என்பது. முதல் நாள் காட்சியில் தம்பியாக நடித்தவன் பதற்றத்தில் இரண்டு பக்கம் தாண்டிவிட்டான். கடிதம் வந்த செய்தியே நாடகத்தில் இல்லாமல் போயிற்று. பின்னால் இழுத்தால் எல்லோரும் குழம்புவார்கள், விட்டுவிட்டால் கடைசிக் காட்சிக்கு அர்த்தமே இருக்காது. நான் நோட்டைப் புரட்டிக்கொண்டிருக்கும்போதே நீ அவன் பக்கம் திரும்பி, "தபால்காரர் வந்தாரா?" என்று கேட்டாய். அந்த வரி நாடகத்திலேயே கிடையாது. அவனும் பிடித்துக்கொண்டான். அன்றைக்கு இரவே உன்மேல் எனக்கு இருந்த கசப்பெல்லாம் போய்விட்டது. இரண்டாம் நாளுக்கு முந்தைய இரவு அது என்பதை மனதில் வைத்துக்கொண்டு மீதியைப் படி.

இந்த வேலைக்குப் பெரிய பரம்பரையே உண்டு என்று பின்னால்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். பிரெஞ்சில் வசனம் எடுத்துக் கொடுப்பவருக்கு 'சூஃப்ளர்' என்று பெயர், மூச்சை ஊதுகிறவர் என்று பொருள். எவ்வளவு சரியான பெயர் பார்! பழைய ஓப்ரா அரங்குகளில் மேடையின் முன்விளிம்பில், நட்ட நடுவில், ஒரு சின்னக் கூண்டுக்குள் உட்கார்ந்திருப்பார்; பார்வையாளர்களுக்கு அந்தக் கூண்டின் முதுகுதான் தெரியும். ஆங்கில நாடக மேடையில் நடிகரின் இடது கைப் பக்கத்துக்கே 'பிராம்ப்ட் சைடு', அதாவது வசனம் எடுத்துக் கொடுக்கிற பக்கம், என்றுதான் பெயர். நம் மொழியிலும் மேடைக்குப் பின்னால் இருப்பவர்களை மறக்கவில்லை. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் 7 கோல் அகலம், 8 கோல் நீளம், 1 கோல் உயரம் என்று மேடைக்கு அளவு சொல்லிவிட்டு, தூண்களின் நிழல் குறுக்கே விழாதபடி விளக்கை வைக்க வேண்டும் என்றும் இளங்கோ சொல்கிறார். ஆடுகிறவளின் பெயர் மாதவி என்று நமக்குத் தெரியும். அந்த விளக்கை நகர்த்தி நகர்த்தி வைத்துப் பார்த்தவர் யாரோ? ஆனால் அந்த வேலைக்கும் காவியத்தில் ஒரு வரி கிடைத்திருக்கிறது.

சரி, உன் மூன்று வரிக்கு வருகிறேன்.

"இரண்டாம் நாள் நான் வசனம் மறந்து நின்றேன், நீ எடுத்துக் கொடுக்கவில்லை. அம்மா வேடம் கிடைக்காத கோபம் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். இப்போது அதெல்லாம் ஒன்றுமில்லை." இப்படி எழுதியிருக்கிறாய். நீ மறந்து நின்றாய் என்பதே எனக்கு இப்போதுதான் தெரியும். 30 வருடம் கழித்து!

என் நோட்டில் நான் போட்டிருந்த கோடுகளைப் பற்றி உனக்குச் சொல்லியிருக்கிறேனா? ரஷ்ய நாடக இயக்குநர் ஸ்தனிஸ்லாவ்ஸ்கி பேச்சின் நடுவே வரும் நிறுத்தங்களை இரண்டாகப் பிரித்துச் சொன்னதை அக்கா ஒருநாள் நமக்கு விளக்கினாளே. ஒன்று வாக்கியத்தின் அர்த்தம் தெளிவாகப் புரிவதற்கு, இன்னொன்று சொல்லாமல் மனதில் ஓடுவது வெளியே தெரிவதற்கு. அன்றிலிருந்து முதல் வகைக்கு ஒற்றைக் கோடு, இரண்டாவதற்கு இரட்டைக் கோடு என்று பென்சிலால் குறித்துக்கொண்டே வந்தேன். மறதி எது, நடிப்பு எது என்று தெரியாமல் வாயைத் திறந்துவிட்டால் அதைவிடப் பெரிய கெடுதல் ஒரு காட்சிக்கு இல்லை.

கோடு மட்டும் போதாது, ஆளையும் படிக்க வேண்டியிருந்தது. தம்பிக்கு மறந்தால் கண் மேலே போகும். அப்பாவாக நடித்தவன் தொண்டையைச் செருமுவான். உனக்கு மறந்தால் கை நின்றுவிடும். ஆறு வாரத்தில் பதினைந்து இருபது தடவை பார்த்திருக்கிறேன். எதைப் பிடித்திருந்தாலும் விரல்கள் அப்படியே உறைந்துவிடும், நான் உடனே சொல் கொடுப்பேன்.

அன்றைக்கு நீ மகனின் சட்டையை மடித்துக்கொண்டே பேசினாய். "அவன் வருவான்னு நான் சொல்லலை" என்றாய். அடுத்து "விளக்கை அணைக்காதேன்னுதான் சொன்னேன்" என்று வர வேண்டும். வரவில்லை. என் நோட்டில் அந்த இடத்தில் ஒற்றைக் கோடுகூடக் கிடையாது. நீல ஜெலட்டின் தாள் சுற்றிய டார்ச் வெளிச்சத்தில் என் விரல் 'விளக்கை' என்ற சொல்லின்மேல் இருந்தது. வாயும் திறந்துவிட்டது. கடைசியாக ஒருமுறை உன் கையைப் பார்த்தேன். கை நிற்கவில்லை. இடது கைப்பகுதியை உள்ளே மடித்தாய், பிரித்தாய், மறுபடி மடித்தாய். மேல் பித்தானைப் போட்டாய். கழுத்துப்பட்டையை ஒரு விரலால் நீவிவிட்டாய். நான் வாயை மூடிக்கொண்டேன்.

ஏழெட்டு நொடி இருக்குமா? கூடத்தில் ஒரு நாற்காலிகூடக் கிறீச்சிடவில்லை. விளக்குப் பலகையில் இருந்தவன் காட்சி முடிந்ததோ என்று பயந்து என்னைப் பார்த்தான். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். அப்புறம் நீ அந்த வரியைச் சொன்னாய். சொன்ன விதம் இன்னும் என் காதில் இருக்கிறது. ஆறு வாரத்தில் ஒருநாள்கூட நீ அதை அப்படிச் சொன்னதில்லை.

காட்சி முடிந்ததும் அக்கா உன் தோளைப் பிடித்துக்கொண்டு, அந்த நிறுத்தம் நாளைக்கும் அப்படியே இருக்கட்டும் என்றாள். நீ தலையாட்டினாய். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். எனக்கு அது போதுமாக இருந்தது. நான் சரியாகப் படித்திருக்கிறேன் என்று உள்ளுக்குள் அவ்வளவு பெருமை. இப்போது யோசித்தால், அத்தனை பேர் பாராட்டும்போது "எனக்கு மறந்துபோச்சு" என்று நீதான் எப்படிச் சொல்லியிருப்பாய்? வசனத்தைத் தேடிக்கொண்டிருந்ததால்தான் கை ஓடிக்கொண்டிருந்தது என்று நீ எழுதித்தான் எனக்குப் புரிகிறது. மேடையில் தனியாக, யாரும் கைகொடுக்கமாட்டார்கள் என்ற நினைப்போடு அந்த ஏழெட்டு நொடியை நீ கடந்திருக்கிறாய். அதை நினைத்தால் மனசு கனத்துப்போகிறது. நான் படித்தது தவறு. உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். ஆனால் கோபம் இல்லை, தோழி. அந்த இரவு ஒரு துளிகூட இல்லை. வேண்டுமென்றே உன்னை விட்டுவிட்டேன் என்ற எண்ணம் மட்டும் உன் மனதில் இனி ஒருநாள்கூட இருக்கக் கூடாது, அதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

உன் மகள் இதிலிருந்து என்ன எடுத்துக்கொள்வாள் என்று தெரியவில்லை. ஒன்று மட்டும் சொல்வேன். ஒவ்வொரு ஒத்திகைக்குப் பிறகும் நடிப்பவர்களோடு ஐந்து நிமிடம் உட்காரச் சொல். எந்த இடத்தில் நின்றார்கள், அது மறதியா வேண்டுமென்றா என்று வாய்விட்டுக் கேட்கச் சொல். நான் உன்னிடம் ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இரண்டாம் நாள் இரவே, செட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து நாம் இருவரும் சிரித்திருப்போம்.

மூன்றாம் நாள் முடிந்ததும் ஒரு மணி நேரத்துக்குள் செட்டைப் பிரித்துவிட்டோம். ஆணி பிடுங்கிய பலகைகளை எல்லாம் வண்டியில் ஏற்றிய பிறகு, நீ நிற்க வேண்டிய இடத்தில் ஒட்டியிருந்த வெள்ளை டேப் குறுக்குக் கோடு மட்டும் தரையில் மிச்சம் இருந்தது. அதை நான்தான் உரித்தேன். நோட்டின் கடைசி அட்டையில் ஒட்டி வைத்திருக்கிறேன், பசை போய்ப் பழுத்துவிட்டது, ஆனால் இருக்கிறது.

நோட்டை இந்தக் கடிதத்தோடு அனுப்புகிறேன். 43ஆம் பக்கத்தைப் பார். 'சொல்லலை' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் இரட்டைக் கோடு இருக்கும். மற்றதெல்லாம் பென்சில், அது மட்டும் பேனா. இரண்டாம் நாள் இரவு வீட்டுக்குப் போனதும் போட்டது. மறுநாள் நீ அந்த இடத்துக்கு வந்தபோது நான் நோட்டைப் பார்க்கவே இல்லை, உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மகளின் காட்சி எந்தத் தேதி என்று உடனே எழுது. விடுப்பு சொல்லிவிட்டு வருகிறேன். முன்வரிசை வேண்டாம், சைடு விங் தெரிகிற மாதிரி ஓரத்தில் நமக்கு இரண்டு இடம் பிடித்து வை.

என்றும் அன்புடன்,
உன் தோழி