முன்மண்டபத் திருப்பணி நிறைவு அறிக்கை

அன்புடையீர், வணக்கம்.

30க்கு 24 அடி முன்மண்டபம் நிறைந்தது. 16 தூண், தூண் தலையில் உத்திரத்தைத் தாங்கும் 16 போதிகை, தூணுக்குத் தூண் குறுக்கே கிடக்கும் 12 கல் உத்திரம், உத்திரங்கள் மேல் கூரையாகப் பரப்பும் 45 பாவுகல், மேலே தளவரிசை. தூண் நிறுத்தியதும் பாவுகல் பரப்பியதும் குறித்த நாளில் முடிந்தன. அவற்றைப் பற்றி யாரும் கேட்கவில்லை. எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: கிரேன் வாசலில் நிற்கும்போது உத்திரத்தைச் செயின் பிளாக்கில், அதாவது கையால் சங்கிலி இழுத்துப் பாரம் தூக்கும் கருவியில், ஏன் ஏற்றினீர்கள்?

உத்திரம் 10 அடி நீளம். அகலமும் உயரமும் ஒன்றேகால் அடி. கருங்கல் கன அடிக்கு ஏறத்தாழ 76 கிலோ, ஆக ஒரு கல் 1,200 கிலோவை நெருங்கும். வந்தது 14 டன் ஹைட்ரா கிரேன். "14 டன் வண்டிக்கு இது ஒரு பாரமா?" என்றார் வாடகைக்காரர். நம் கூட்டத்திலும் சிலர் அதையே சொன்னார்கள். 14 டன் என்பது பூமை, அதாவது கிரேனின் நீளும் கையை, சுருக்கி, கல்லை வண்டியின் மூக்கருகே பிடித்தால் உள்ள கணக்கு. பூம் நீள நீளப் பலம் மளமளவென்று இறங்கும்.

கிழக்கே கல் வடிகால் இருப்பதால் வண்டி 12 அடி தள்ளித்தான் நிற்க முடிந்தது. முதல் இரு வரிசை, 6 உத்திரம், ஒரே நாளில் ஏறின. மறுநாள் மூன்றாம் வரிசைக்குப் பூமை நீட்டியதும் முன்சக்கரம் மண்ணில் பதிந்தது; பின்சக்கரம் எழும்பப் பார்த்தது. கல் தரையை விட்டு ஒரு முழம்தான் ஏறியிருந்தது. ஸ்தபதி இறக்கச் சொன்னார். குழு அவர் பக்கம் நின்றது, இன்றும் நிற்கிறது.

பெரிய கிரேன் கொண்டுவந்திருக்கலாமே என்கிறார்கள். அதற்குக் கால் விரிக்க 20 அடியாவது வேண்டும். நம் சந்து 11 அடி, மேலே மின்கம்பி.

வாடகைக்காரர் மூன்று நாள் கேட்டார். பேசியது ஒரு நாள். இரண்டு நாளுக்குக் கொடுத்தோம், ஏனென்றால் இரண்டாம் நாள் வண்டியை நிறுத்தி வைத்தது நாங்கள். மூன்றாம் நாள் அவராகவே நின்றார், அதற்குக் கொடுக்கவில்லை. வாசலில் அவர் பேசிய பேச்சை இங்கே எழுத வேண்டாம்.

மீதி 6 உத்திரமும் கல்தச்சர் கையில். உத்திரத்தின் இரு முனைக்கும் ஒவ்வொரு இரும்பு முக்காலி, அதில் 2 டன் செயின் பிளாக். முக்காலிக் கால்கள் விரியாமல் சங்கிலியால் கட்டி, அடியில் பலகை. கல்லைத் தூக்கும் பெல்ட், கல்லின் முனையிலிருந்து 2 அடி தள்ளி. நடுவில் மட்டும் கட்டினால் கல் தன் பாரத்திலேயே மேல்முகத்தில் விரிசல் காணலாம். ஒரு பக்கம் ஒரு சாண், மறுபக்கம் ஒரு சாண் என்று மாறி மாறி ஏற்ற வேண்டும். அவசரப்பட்டு ஒரு முனை ஓடினால் பெல்ட் வழுக்கும். போதிகை மேல் நேரே உட்கார வைத்தால் பெல்ட் அடியில் சிக்கிவிடும்; அதனால் முதலில் மர ஆப்பில் நிறுத்தி, பெல்ட்டை உருவி, பிறகு கடப்பாரையால் நெம்பி ஆப்பை எடுத்து, சுண்ணாம்புச் சாந்தில் இறக்கினார்கள். கல்லுக்கு அரை நாள், ஆக மூன்று நாள். திருப்பணியில் அதிகப்பட்ட நாள்கள் இவைதாம்.

வடக்குப் பக்க இரண்டாம் உத்திரத்தில் விளிம்பு 2 அங்குலம் பெயர்ந்தது உண்மை. அது செயின் பிளாக் செய்ததன்று, முதல் நாள் கிரேன் செய்தது. குட்டைச் சங்கிலி போட்டுவிட்டார்கள். கொக்கியிலிருந்து கல்லுக்கு இறங்கும் இரண்டு சங்கிலிக் கால்களும் கல்லோடு 60 பாகையில் நின்றால் காலுக்குச் சுமார் 690 கிலோ இழுப்பு. 30 பாகைக்குச் சாய்ந்தால் ஒவ்வொரு காலிலும் 1,200. அந்த இழுப்பில் விளிம்பு நொறுங்கியது. உடனே நீளப் பெல்ட்டுக்கு மாறி, மூலைக்குச் சாக்கும் மரத்துண்டும் வைத்தோம். பார்க்காமல் விட்டது எங்கள் பிழை.

உபயம்: தூண்கள், மேலத்தெரு வகையறா 8, வடக்குத் தெரு 5, பெயர் வேண்டாம் என்ற அன்பர் 3. போதிகை, கீழத்தெருப் பெண்கள். உத்திரம், வெளியூர் வாழ் பங்காளிகள் 9, பூக்கடைக்காரர்கள் 2, பள்ளி ஆசிரியர்கள் 1. பாவுகல், ஊர்ப் பொது. செயின் பிளாக் இரண்டும் முக்காலியும் இரும்புக் கடைக்காரர் இரவல் தந்தவை, திருப்பிக் கொடுத்தாயிற்று. உத்திர வேலை நடந்த ஐந்து நாளும் மதியச் சாப்பாடு, மடப்பள்ளிக்காரர்.

வரவு செலவு ஏடு கோயில் அலுவலகத்தில் இருக்கிறது; மாலை 6 மணிக்கு மேல் பார்க்கலாம். 48 பாவுகல் வாங்கியதில் மீதி 3 மடப்பள்ளிப் பின்புறம் கிடக்கின்றன. ஒவ்வொன்றும் 600 கிலோ. நகர்த்துவதானால் குழுவிடம் சொல்லிவிட்டு நகர்த்துங்கள்.

திருப்பணிக் குழுவினர்