ஒட்சிசன் எவ்வளவு என்பதோடு எப்படி அளந்தார்கள் என்பதையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஒரு சுருள் விண்மீன் மண்டலத்தின் மையப்பகுதி வாயு முகில்களில், சூரியனில் இருப்பதைப்போல் மூன்று மடங்கு ஒட்சிசன் உண்டெனத் தங்கள் ஞாயிறு இதழின் அறிவியல் பக்கத்தில் வாசித்தேன். உயர்தரம் படிக்கும் என் பேத்தி, "அங்கே போகாமல் எப்படி அளந்தவை, அம்மப்பா?" என்று கேட்டாள். குறிப்பில் அதற்கு விடை இல்லை.

பன்சன் சுடரில் உப்பைத் தூவி, ஒளியை நிறங்களாகப் பிரித்துக் காட்டும் திருசியமானியில் பார்த்தால், சோடியத்தின் இரு மஞ்சள் கோடுகள் 0.6 நனோமீற்றர் இடைவெளியில் பக்கம் பக்கமாக நிற்கும். முகில்களிலும் இதுபோலவே ஒவ்வொரு மூலகமும் தன் கோடுகளைக் காட்டுகிறது. 1864இல் வானியலாளர் ஹகின்ஸ் இத்தகைய முகிலொன்றில் கண்ட, 500.7 நனோமீற்றர் அலைநீளமுள்ள பச்சைக் கோடு, பூமியில் இல்லாத மூலகத்தினதோ என்று நெடுங்காலம் ஐயுறப்பட்டு, இரண்டு இலத்திரன்களை இழந்த ஒட்சிசனுடையதென 1927இல் பௌதிகவியலாளர் போவெனால் விளக்கப்பட்டது.

சிக்கல் இனித்தான். கோட்டின் பிரகாசம் அணுக்களின் எண்ணிக்கையை மட்டுமன்றி வாயுவின் வெப்பநிலையையும் பொறுத்தது. அவ்வெப்பநிலையை அறிய, அதே ஒட்சிசன் 436.3 நனோமீற்றரில் தரும் மங்கிய கோட்டைப் பச்சைக் கோட்டுடன் ஒப்பிட வேண்டும். ஆனால் ஒட்சிசனே முகிலின் வெப்பத்தை ஒளியாக வெளியேற்றிக் குளிரவைப்பதால், அது மிகுந்துள்ள இடத்தில்தான் அந்த மங்கிய கோடு ஏறத்தாழ மறைந்துவிடுகிறது. எதை அளக்கப் போகிறோமோ அதுவே அளவுகோலை ஒளித்துவைக்கிறது! ஆகவே மண்டல மையங்களுக்குப் பலரும் பிரகாசமான கோடுகளின் விகிதத்தை எடுத்து, கணிப்பு மாதிரிகளிலிருந்து வகுத்த சூத்திரங்களில் இடுகிறார்கள். அதே முகிலுக்கு ஒரு சூத்திரம் தரும் விடை மற்றொன்றின் விடையைப்போல் ஐந்து மடங்கு வரை வேறுபடக்கூடும். சப்தரிஷி மண்டலத் திசையிலுள்ள எம் 101 என்னும் சுருள் விண்மீன் மண்டலத்தின் முகில்களை வானியலாளர் கெனிகட்டின் குழுவினர் மங்கிய கோட்டைக் கொண்டு அளந்து 2003இல் வெளியிட்டபோது, அத்தகைய சூத்திரங்கள் பல ஒட்சிசனை மூன்று மடங்கு வரை மிகைப்படுத்தியிருந்தமை தெரிந்தது.

மையத்திலிருந்து விளிம்பை நோக்கி ஒட்சிசன் குறைந்து செல்கிறது என்பதில் பெரிதாகக் கருத்து வேறுபாடு இல்லை; எவ்வளவு என்பதில்தான் தகராறு. சூரியனில் பத்து இலட்சம் ஐதரசன் அணுக்களுக்கு ஏறத்தாழ 490 ஒட்சிசன் அணுக்கள் உள்ளன. அதன் மூன்று மடங்கு என்று அச்சிடும்போது, மங்கிய கோடு கிடைத்ததா, சூத்திரத்தை நம்பினார்களா என்ற ஒரு வரியையும் சேர்த்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். பேத்தியின் கேள்விக்கு அந்த ஒரு வரியே போதும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற பௌதிகவியல் ஆசிரியர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.