முதலாம் தவணை நிறைவு: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

நம் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் முதலாம் தவணை நல்லபடியாக முடிந்தது. வாசிப்புப் போட்டி, பேச்சுப் போட்டி, ஒளிவிழா எல்லாம் சிறப்பாக நடந்தன. பிள்ளைகளுக்கும் ஆசிரியர்களுக்கும் பாராட்டுகள். புள்ளிகள் அடுத்த சனிக்கிழமை கிடைக்கும்.

சரி, இனி விஷயத்துக்கு வருகிறேன். கந்தசஷ்டி நாட்களில் நெற்றி நிறையத் திருநீறும், சட்டைக்கு வெளியே உருத்திராட்ச மாலையுமாகப் போன நம் பிள்ளைகள் சிலரை, கொலேஜ் எனப்படும் பிரெஞ்சு நடுநிலைப் பள்ளியின் அதிபர் அழைத்துப் பேசியிருக்கிறார். "இது மதமில்லை, பண்பாடு என்று தமிழ்ப் பள்ளி எழுதித் தரவேண்டும்" எனச் சில பெற்றோர் கேட்டீர்கள். உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனாலும் அந்தக் கடிதத்தை நான் தரமாட்டேன். திருநீறு மதமில்லை என்று எழுத எனக்குக் கை வராது. உங்கள் வீட்டுப் பெரியவர்களும் அதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

பிரான்சில் 2004 மார்ச் 15ஆம் நாள் வந்த சட்டம், அரசுப் பள்ளி, கொலேஜ், லிசே (மேல்நிலைப் பள்ளி) மாணவர்கள் மத அடையாளத்தை எடுப்பாகக் காட்டுவதைத் தடுக்கிறது. பல்கலைக்கழகத்துக்கு அது பொருந்தாது, நம் சனிக்கிழமை வகுப்புக்கும் பொருந்தாது. சின்னச் சிலுவை போன்றவற்றுக்குத் தடையில்லை. எது எடுப்பு, எது அடக்கம் என்பதில்தான் இழுபறி. ஒழுங்கு நடவடிக்கைக்கு முன் மாணவரோடு பேசவேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. அதிபர் அழைத்தது அதற்குத்தான். போய்ப் பேசுங்கள். மொழி தடையென்றால் நானும் கூட வருகிறேன்.

எனக்கும் இந்தச் சட்டத்தில் முழு உடன்பாடு கிடையாது. தலைப்பாகையைக் கழற்றாத சீக்கிய மாணவர்களை 2004இலேயே வெளியேற்றினார்கள். அவர்களில் ஒருவருக்குச் சார்பாக 2012இல் ஐ.நா. மனித உரிமைக் குழு கருத்துச் சொல்லியும் சட்டம் அப்படியே இருக்கிறது.

ஆனால் பெற்றோர் வட்ஸ்அப் குழுவில் முஸ்லிம் மாணவிகளைப் பற்றி வந்த பதிவுகளை என்னால் பொறுக்க முடியாது. 2023இல் முஸ்லிம் மாணவிகள் அணியும் அபாயா என்ற நீண்ட அங்கியைப் பள்ளிகளில் தடுத்தபோது கைதட்டியவர்களே இன்று "எங்கள் பிள்ளைக்கு ஏன்?" என்று கேட்கிறார்கள். இரண்டுக்கும் சட்டம் ஒன்றுதான். இனி அப்படி எழுதுகிறவர் குழுவில் இருக்கமாட்டார். "சும்மா ஃபாஷனுக்குப் போட்டது என்று சொல்லு" எனப் பிள்ளைக்குப் பொய் பழக்குவதையும் நிறுத்துங்கள்.

நம் வகுப்புக்குத் திருநீற்றோடு வரலாம், சிலுவையோடு வரலாம், முக்காட்டோடும் வரலாம். இந்தக் குளிரிலும் ரயில் மாறிப் பிள்ளைகளைக் கூட்டிவரும் உங்களுக்கும், ஒளிவிழாவுக்கு வடை சுட்டுத் தந்த அம்மாமாருக்கும் மனமார்ந்த நன்றி. ஜனவரி இரண்டாம் சனிக்கிழமை சந்திப்போம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்