போஸ்டரில் பாம்பு, படத்தில் ஓநாய்: 149 ரூபாயைத் திருப்பித் தரக் கோரி

வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவுக்கு,

பொருள்: வாடகைக்குப் பார்த்த திரைப்படம் விளம்பரத்தில் சொன்னபடி இல்லாதது குறித்து.

வணக்கம்.

போன சனிக்கிழமை இரவு உங்கள் தளத்தில் 149 ரூபாய் கட்டி, தமிழ் டப்பிங்கில் ஒரு மிருகப் படம் பார்த்தேன். பனிக்காட்டில் மாட்டிக்கொள்ளும் கல்லூரி மாணவர்கள், கட்டறுத்து வரும் ராட்சத ஓநாய். ரசீதை இணைத்திருக்கிறேன். உங்கள் சாட்டில் இரண்டு முறை கேட்டேன். ‘தொழில்நுட்பக் கோளாறு இல்லாததால் பணத்தைத் திருப்பித் தர இயலாது’ என்று இரண்டு முறையும் ஒரே வரியை ஒட்டிவிட்டுப் போய்விட்டார்கள். படம் கடைசி வரை தடங்கலில்லாமல் ஓடியது உண்மைதான். அதுதான் என் கஷ்டமே.

மலிவாக எடுத்த படம் என்பதற்காக நான் எழுதவில்லை. சின்ன பட்ஜெட் பேய்ப் படம், பூதப் படம் என்றால் தேடிப் பிடித்துப் பார்க்கிறவன் நான். 2010-ல் நார்வேயில் வந்த ‘டிரோல்ஹன்டர்’ படத்தை எத்தனை முறை பார்த்தேன் என்று கணக்கில்லை. கையில் பிடித்த கேமராவும் இருட்டும்தான் பாதிப் படம். ஆனால் வெயில் பட்டால் பூதம் கல்லாகும், கிறிஸ்தவனின் ரத்த வாடையை மோப்பம் பிடிக்கும் என்று அந்த ஊர்க் கதைகள் சொல்வதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். நிமிர்ந்து உட்கார வைத்தது.

நீங்கள் விவரப் பக்கத்தில் ‘எட்டா நூலில் உள்ளபடியே’ என்று போட்டிருக்கிறீர்கள். எட்டா என்பது வட ஐரோப்பியத் தேவர்களின் பழங்கதைகளைச் சொல்லும் நூல். 1220-ஐ ஒட்டி ஐஸ்லாந்தில் ஸ்னோரி ஸ்டுர்லுசன் எழுதிய அந்த நூலில் ஃபென்ரிர் ஓநாயின் கதை இருக்கிறது. தேவர்கள் பூட்டிய கனத்த இரும்புத் தளைகள் இரண்டை அது அறுத்தெறிந்துவிடுகிறது. மூன்றாவதாகக் குள்ளர்கள் கிளெய்ப்னிர் என்ற கட்டைச் செய்து தருகிறார்கள். பூனையின் காலடிச் சத்தம், பெண்ணின் தாடி, மலையின் வேர், கரடியின் நரம்பு, மீனின் மூச்சு, பறவையின் எச்சில் ஆகியவற்றால் ஆனது. பார்த்தால் வெறும் பட்டு நாடா. ஓநாய்க்குச் சந்தேகம். யாராவது ஒருவர் என் வாயில் கை வைத்தால்தான் கட்ட விடுவேன் என்கிறது. டீர் என்ற தேவன் வலது கையை வைக்கிறான். நாடா இறுகுகிறது. தேவர்கள் எல்லோரும் சிரிக்கிறார்கள், டீர் மட்டும் சிரிக்கவில்லை. கை போய்விட்டது.

இதை எடுக்க என்ன செலவாகும்? இரண்டு முழம் பட்டு ரிப்பன், ரப்பரில் ஒரு ஓநாய்த் தலை, சிரிக்கத் தெரிந்த நாலு பேர். உங்கள் படத்தில் கிராபிக்ஸ் சங்கிலி ஒன்று ஓநாயின் கழுத்தில் படாமல் அந்தரத்தில் ஆடுகிறது. டப்பிங்கில் கிழவர் வேறு, ‘இந்த இரும்புச் சங்கிலியை எவனாலும் அறுக்க முடியாது’ என்கிறார். ஐயா, ஃபென்ரிர் அறுத்ததே இரும்பைத்தான்! டீர் படத்தில் வரவே இல்லை.

ஓநாயைக் காட்டக் காசில்லை என்றால் காட்டாமலே விட்டிருக்கலாம். ஐஸ்லாந்தின் பழைய வீரகதையான கிரெட்டிர் சாகாவில் கிளாம் என்ற நடைபிணம் இரவில் வீட்டுக் கூரைமேல் ஏறி உட்கார்ந்து குதிகாலால் உதைக்கும். மரமெல்லாம் முறிகிறாற்போலச் சத்தம் வரும். உள்ளே படுத்திருப்பவனுக்கு அது போதும். எனக்கும் போதும்.

பழங்காலக் காட்சியில் எல்லோர் தலையிலும் கொம்பு வைத்த கவசம். அது பழங்காலத்து வழக்கமே இல்லை, 1876-ல் ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் ஓபராவுக்கு, அதாவது இசை நாடகத்துக்கு, தைத்த உடையால் பரவிய பழக்கம். போகட்டும், அதற்குக் காசு கேட்கவில்லை.

போஸ்டரைத்தான் விட முடியாது. கப்பலைச் சுற்றி நெரிக்கும் கடற்பாம்பை முழு நீளத்துக்குப் போட்டிருக்கிறீர்கள். படத்தில் பாம்பும் இல்லை, கப்பலும் இல்லை, கடலே இல்லை. யோர்முங்காண்ட் என்ற அந்தப் பாம்பு ஃபென்ரிருக்கு உடன்பிறப்புதான். சொந்தக்காரன் என்பதற்காகப் போஸ்டரில் ஏற்றிவிடுவதா?

எனவே என் 149 ரூபாயை, கட்டிய கணக்குக்கே திருப்பி அனுப்புங்கள். உங்கள் வாலட்டில் வரவு வைக்க வேண்டாம். விவரப் பக்கத்திலிருந்து எட்டாவின் பெயரை எடுங்கள். போஸ்டரில் ஓநாயைப் போடுங்கள், எவ்வளவு சுமாராக இருந்தாலும் பரவாயில்லை.

பதினைந்து நாட்களுக்குள் பதில் இல்லையென்றால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்வேன். அந்த ஒரே வரியை மூன்றாவது முறையும் ஒட்டி அனுப்ப வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் சந்தாதாரர்,
திருநெல்வேலி.