கிராட்ஸிலிருந்து அக்காவுக்கு

கிராட்ஸ், ஆஸ்திரியா
மார்ச் 8

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நலம். அத்தானும் குட்டியும் சுகம்தானே? போன வாரம் போனில் அப்பா குறுக்கே வந்து, "எலி நெஞ்சுல கொழுப்பு அளக்கியாமே, அதுக்கா இம்புட்டுத் தூரம் போன?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். அதையெல்லாம் போனில் சொல்லி மாளாது. நர்ஸம்மா நீ படித்துவிட்டு அவர் பாஷையில் சொல்லிவிடு.

பனி கரைந்துவிட்டது. மூர் ஆறு ஊர் நடுவே விறுவிறுவென்று ஓடுகிறது. மலைமேல் இருக்கும் மணிக்கூண்டில் பெரிய முள்தான் மணி காட்டும், சின்ன முள் நிமிடம்! ஞாயிற்றுக்கிழமை கடை திறக்க மாட்டார்கள். சனிக்கிழமையே காய்கறி வாங்கி வைக்காவிட்டால் மறுநாள் ஊறுகாயும் சோறும்தான். இந்தப் பக்கத்துப் பெருமை பூசணி விதை எண்ணெய். கரும்பச்சையாக இருக்கும், ஐஸ்கிரீமில்கூட ஊற்றிச் சாப்பிடுகிறார்கள். இட்லிப்பொடியில் குழைத்துப் பார்த்தேன், மோசமில்லை.

அப்பா பயப்படும் கொழுப்பு ரத்தக்குழாயை அடைப்பது. நாங்கள் பார்ப்பது இதயத் தசைச் செல்லுக்குள்ளேயே இருக்கும் சின்னச் சின்னத் துளிகள். இதயத்துக்குக் கொழுப்புதான் சாப்பாடு, அக்கா. அதற்கு வேண்டிய சக்தியில் 60 முதல் 70 சதவீதம் கொழுப்பு அமிலங்களிலிருந்துதான் வருகிறது. ரத்தத்திலிருந்து உள்ளே வருவதில் ஒரு பகுதி உடனே எரியாமல் ட்ரைகிளிசரைடாக, அதாவது கொழுப்பு அமிலங்களைக் கோத்துவைத்த சேமிப்புக் கொழுப்பாக, துளியில் சேரும், தேவை வரும்போது உடையும். அந்த உடைப்பைத் தொடங்கிவைக்கும் நொதிக்கு ஏடிஜிஎல் என்று பெயர். இந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் ருடால்ஃப் செக்னரின் குழு 2004இல் அதை அறிவித்தது. அதே ஆண்டு வேறு இரண்டு குழுக்களும் வேறு பெயர்களில் அதையே அறிவித்தன.

அந்த நொதி இல்லாத எலிகளைப் பற்றிய கட்டுரை 2006இல் வந்தது. இதயத்தில் கொழுப்பு குவிந்து, பம்ப் செய்ய முடியாமல், அவை சில மாதங்களில் செத்துப்போயின. கொழுப்பு அவ்வளவு இருந்தும் இதயம் பட்டினி. இன்னொரு விஷயமும் பிறகு தெரியவந்தது. துளி உடையும்போது வெளிவருவது விறகு மட்டுமில்லை, செய்தியும்கூட. கொழுப்பை எரிக்கும் ஜீன்களை முடுக்கும் ஏற்பி (செய்தியைப் பிடித்துக்கொள்ளும் புரதம்) ஒன்று அதனால்தான் விழிக்கிறது. அந்த ஏற்பியை மருந்தால் தூண்டிவிட்டபோது எலிகளின் இதயம் தேறியது. எனக்கு இந்தத் துறை பிடித்துப்போனதே இதைப் படித்த பிறகுதான்.

இந்த உடைப்பில் ஹார்மோனுக்கு என்ன வேலை என்றால், துளியைச் சுற்றி பெரிலிபின் 5 என்ற புரதம் காவல் நிற்கிறது. அது நம் தெரு ரேஷன் கடைக்காரர் மாதிரி: சரக்கு உள்ளே இருக்கும், மேலேயிருந்து உத்தரவு வராமல் மூட்டை அவிழாது. உத்தரவு போடுவது, பயம் பரபரப்பில் சுரக்கும் அட்ரினலின் ஹார்மோன். செல்லின் மேலிருக்கும் பீட்டா ஏற்பியில் அது உட்கார்ந்ததும் செல்லுக்குள் சைக்ளிக் ஏஎம்பி என்ற தூதுப்பொருள் ஏறும், அது கைனேஸ் என்ற வகை நொதி ஒன்றைக் கிளப்பும், கைனேஸ் பெரிலிபினில் ஒரு பாஸ்பேட்டை ஒட்டும், பிடி தளரும். குட்டி எலியின் இதயச் செல்கள் தட்டில் தாமாகவே துடிக்கும். நீங்கள் வார்டில் போடும் அதே ஐசோபிரினலின், அட்ரினலின் மாதிரியே வேலை செய்யும் மருந்து, ஒரு சொட்டு விட்டால், நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருக்கும்போதே துடிப்பு வேகம் பிடிக்கும். எத்தனை தடவை பார்த்தாலும் கண்ணை எடுக்க மனசு வராது.

எதிர்ப்பக்கம் நிற்பது இன்சுலின். உடம்புக் கொழுப்புச் செல்களில் அது சைக்ளிக் ஏஎம்பியைச் சிதைக்க வைத்து உடைப்பை அடக்குகிறது. இன்சுலின் போதாவிட்டால் கொழுப்பு அமிலம் ரத்தத்தில் கட்டுக்கடங்காமல் வந்து இதயத்தில் சேரும். அம்மா "சர்க்கரை இன்னைக்குக் கம்மிதான்" என்று தன்னிஷ்டத்துக்கு ஊசியை விட்டுவிடுகிறாள் என்றாயே, இதை அவளிடம் சொல். ஊசி சர்க்கரைக்கு மட்டுமில்லை.

இதயம் திணறுகிறதா என்று ரத்தத்தில் நீ தினமும் பார்க்கிற பிஎன்பி ஹார்மோனும் இந்தக் கதையில் உண்டு. இதயம் திணறும்போது அதுவே சுரக்கிற பிஎன்பியும் அதன் உறவான ஏஎன்பியும் உடம்புக் கொழுப்பை உடைக்கச் சொல்லும். தன் சாப்பாட்டுக்குத் தானே ஆர்டர் போடுகிறது, பார்!

இதயத்துக்கு ரசாயனம் உத்தரவு போடுகிற பேச்சு இந்த ஊருக்குப் புதிதில்லை. 1921 வாக்கில் ஓட்டோ லேவி என்ற விஞ்ஞானி இங்கேதான் இரண்டு தவளை இதயங்களை வைத்துச் சோதனை செய்தார். ஒன்றின் நரம்பைத் தூண்டி, அது ஊறியிருந்த நீரை மற்றதன்மேல் விட்டார். முதல் இதயம் மெதுவானால் இரண்டாவதும் மெதுவானது, வேகமானால் வேகமானது. நரம்பு ரசாயனத்தால்தான் பேசுகிறது என்று அன்றைக்குத் தெரிந்தது. தவளையில் வேகம் கூட்டிய பொருள் அட்ரினலின்தான் என்று பின்னால் அவரே காட்டினார். 1936இல் இங்கிலாந்து விஞ்ஞானி ஹென்றி டேலோடு சேர்ந்து லேவிக்கு நோபல் பரிசு. 1938இல் நாஜிகள் வந்ததும், யூதர் என்பதற்காகச் சிறையில் போட்டு, பரிசுப் பணத்தையும் எழுதி வாங்கிக்கொண்டு நாட்டைவிட்டே துரத்தினார்கள். இங்கே வேலை கிடைத்தபோது இதெல்லாம் எனக்கு யாரும் சொல்லவில்லை. படித்தபிறகு கொஞ்ச நாள் ஊர்மேலேயே கோபம்.

சரி, மார்ச் கடைசி ஞாயிறு இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவார்கள். அப்புறம் உனக்கும் எனக்கும் மூன்றரை மணி நேரம்தான் வித்தியாசம். நைட் டியூட்டி இல்லாத நாளில் ஒன்பது மணிக்குக் கூப்பிடு, நான் ஆய்வகத்திலிருந்து வந்திருப்பேன். அப்பாவின் கடைசி லிப்பிட் (ரத்தக் கொழுப்பு) ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்து அனுப்பு.

அன்புடன்,
உன் தங்கை