உன் அடுப்பை இன்னும் பற்றவைக்காதே

அன்புள்ள நண்பா,

இங்கு அனைவரும் நலம். அங்கும் அவ்வாறே என நம்புகிறேன். ஆறு மாதமாக உன் கடிதத்துக்குப் பதில் எழுதாமல் இருந்தது என் தவறு. கழித்த என்ஜின் ஆயிலை எரித்துப் பட்டறையைச் சூடாக்க நீயும் என்னைப்போல, எண்ணெய் சொட்டுச் சொட்டாகச் சூடான தட்டில் விழுந்து எரியும் சொட்டு அடுப்பு ஒன்றைச் செய்துகொண்டிருப்பதாக எழுதியிருந்தாய் அல்லவா? அந்த வரிதான் இன்று என்னை எழுத வைத்தது.

சென்ற வாரம் என் அடுப்பு சீறியது. இரண்டு குளிர்காலமாக ஒழுங்காக எரிந்த அடுப்பு அது. புதிதாக வந்த டிரம்மை இணைத்துக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. உள்ளே படபடவென்று ஒரு சத்தம் கேட்டது, மூடி எழும்பியது, எரிகிற எண்ணெய் வெளியே தெறித்துத் தரையில் விழுந்தது. உதவிக்கு வரும் தம்பி இரண்டடி தள்ளி நின்றிருந்தான். "முதலில் வால்வு, பிறகு வாய்" என்று பட்டறைப் பெரியவர் நமக்குச் சொல்லிச் சொல்லிப் பழக்கியதால் என் கை தானாக எண்ணெயை அடைக்கும் வால்வுக்குப் போயிற்று. யாருக்கும் காயமில்லை. ஆனாலும் அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

காரணம் தண்ணீர்தான். அடுப்பின் பழுக்கக் காய்ந்த தட்டின் மேல் விழும் தண்ணீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 1,700 மடங்கு விரிகிறது. ஒரு கரண்டித் தண்ணீர் போதும், அதைச் சுற்றியுள்ள எண்ணெய் முழுவதையும் அது தூக்கியெறிந்துவிடும். எண்ணெயைச் சில நாள் அசையாமல் வைத்தால் தண்ணீர் தானாக அடியில் இறங்கிவிடும் என்றுதான் நானும் எண்ணியிருந்தேன். ஆனால் என்ஜின் ஆயிலில் கலந்திருக்கும் அழுக்கு நீக்கிகள் கரியைப் பிடித்து வைப்பதுபோலவே தண்ணீரையும் நுண்துளிகளாகப் பிடித்து வைக்கின்றன. என்ஜினைக் குளிர்விக்கும் கூலண்ட் திரவமும் சேர்ந்திருந்தால் எண்ணெய் பால்போல வெளுத்து, எத்தனை நாள் வைத்தாலும் பிரியாமல் நிற்கும். அதனால் இப்போது எண்ணெயை 60, 70 டிகிரி வரை சூடாக்கித் தெளிய விடுகிறேன், அடியிலிருந்து ஒரு சாண் உயரத்தில் வைத்த குழாய் வழியாக மட்டுமே எடுக்கிறேன், ஒவ்வொரு டிரம்மிலிருந்தும் ஒரு சொட்டை 150 டிகிரி சூடான தகட்டில் விட்டுப் பார்க்கிறேன். பொரிந்தால் அந்த டிரம் அடுப்புப் பக்கமே வராது.

தண்ணீரைவிட என்னை அதிகம் கவலைப்பட வைப்பது, டிரம்மில் யார் எதை ஊற்றினார்கள் என்பது. புது என்ஜின் ஆயில் 200 டிகிரிக்கு மேல்தான் தீப்பற்றும். அதில் கொஞ்சம் பெட்ரோல் கலந்தாலும் அந்தக் கணக்கு தலைகீழாகிவிடும். குளோரின் கலந்த பிரேக் கிளீனர் சேர்ந்தால் புகையில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் உண்டாகிப் புகைபோக்கியை அரிக்கும், டையாக்சின் என்னும் கொடிய நச்சும் உருவாகலாம். பழைய டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெயை யார் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதே. அதில் பிசிபி என்னும் நச்சு இரசாயனம் இருக்கக்கூடும். "எண்ணெய் என்றால் எண்ணெய்தானே" என்று நீ இறங்கிவிடுவாயோ என்றுதான் எனக்குப் பயம்.

இந்த அடுப்பை நான் கைவிடப் போவதில்லை. ஒரு லிட்டர் எண்ணெயில் ஏறத்தாழ 10 கிலோவாட் மணி வெப்பம் இருக்கிறது. மணிக்கு ஒரு லிட்டர் சொட்டினால், புகைபோக்கி வழியே போவது போக மிஞ்சுவதே பட்டறைக்குப் போதும். விறைத்த விரலோடு ஸ்பேனர் பிடித்த நாட்களை நீயும் மறந்திருக்க மாட்டாய்.

இன்னும் சில செய்திகள். மின்சாரம் நின்றால் அடுப்புக்குக் காற்று தரும் ஊதி நின்றுவிடும், எண்ணெய் மட்டும் சொட்டிக்கொண்டே இருக்கும். ஆகவே மின்சாரம் போனதும் தானே மூடிக்கொள்ளும் வால்வு வை. தீ அணைந்து தட்டு சூடாக இருக்கும்போது மறுபடி பற்றவைக்காதே; தேங்கிய எண்ணெயின் ஆவி ஒரே வீச்சில் பற்றி வெடிக்கும். முழுவதும் ஆறட்டும். சாம்பலில் துத்தநாகம் போன்ற உலோகங்கள் தங்கும் என்பதால் முகமூடி இல்லாமல் அதை வாராதே. கார்பன் மோனாக்சைடு அலாரம் வாங்கிவிட்டாயா என்பதை நீ எழுதவே இல்லை.

உன் புகைபோக்கியின் உயரம், காற்று உள்ளே வரும் வழி, டிரம் அடுப்பிலிருந்து எத்தனை அடியில் இருக்கிறது ஆகியவற்றை ஒரு தாளில் வரைந்து அனுப்பு. அடுத்த மாதம் நானே வருகிறேன். எண்ணெயைச் சொட்டுவிட்டுப் பார்க்கும் அந்தத் தகட்டையும் கொண்டுவருகிறேன். அதுவரை பழைய கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு வேலை செய்.

அன்புடன்,
உன் பழைய பட்டறைத் தோழன்