இவன் தச்சன் அல்லவா?

பனச்சமூடு
ஞாயிறு இரவு

அன்புள்ள மக்கா,

ஸ்தோத்திரம். இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முட்டுவலி கொஞ்சம் குறைந்திருக்கிறது. நீ கொடுத்துவிட்ட தைலத்தைத்தான் தேய்க்கிறாள், நாள் முழுக்க உன் புகழ்தான் பாடுகிறாள். மைக்செட் அண்ணனின் இளைய மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது, மாப்பிள்ளை வீடு பாறசாலைப் பக்கம். மழை இந்த வருஷம் விடமாட்டேன் என்கிறது. விசேஷங்கள் இவ்வளவுதான். உனக்கு எழுத உட்கார்ந்தது வேறொரு காரியத்துக்காக.

போர்வெல் அண்ணனின் மூத்த மகனை உனக்குத் தெரியும். நீ கிறிஸ்துமஸுக்கு வந்திருந்தபோது கீபோர்டு வாசித்தானே, அவன்தான். மெக்கானிக்கல் முடித்தான். சென்னை, கொச்சி என்று அலைந்தான். ஒரு கம்பெனி பயிற்சி என்ற பெயரில் ஆறு மாதம் வைத்திருந்து, கடைசி இரண்டு மாதச் சம்பளத்தைக் கொடுக்காமலே வீட்டுக்கு அனுப்பிவிட்டது. படிப்புக் கடன் ஒரு பக்கம், தங்கை நர்சிங் படிப்பது இன்னொரு பக்கம். இப்போது வெள்ளறடைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்குப் போகிறான். என்னுடைய கொஞ்சம் மரங்களையும் அவன்தான் வெட்டுகிறான்.

வாலிபர் சங்கத்துக்கு அவன் வருவது நின்றுபோய் ரொம்ப நாளாகிறது. இன்றைக்கு ஆராதனை முடிந்ததும் கேட்டில் பிடித்து நிறுத்திக் கேட்டேன். “வேலை ஒண்ணு கிட்டட்டும் மாமா, அப்புறம் வாறேன்” என்றான். நீ இப்போது செய்வதற்குப் பெயர் என்ன என்றேன். “அது பால்வெட்டு மாமா” என்று சொல்லிவிட்டுப் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான். மத்தியானச் சாப்பாடு எனக்கு இறங்கவில்லை.

அவன் வேலை செய்வதை நீ ஒரு தடவையாவது பார்க்க வேண்டும். வெயில் ஏறினால் பால் ஒழுக்கு குறைந்துவிடும் என்பதால் இருட்டிலேயே வந்துவிடுகிறான். தலையில் டார்ச், இடுப்பில் கத்தி. முதலில் நேற்றைய கோட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் ஒட்டுப்பாலை உரித்து பையில் போடுகிறான். பிறகு இடது பக்கம் மேலே தொடங்கி வலது பக்கம் கீழே இறங்கும் சரிவில், ஒரு சீவல். பால்குழாய்கள் பட்டைக்குள் லேசாகச் சாய்ந்து ஓடுவதால் இந்தச் சரிவில் வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் அறுபடும் என்று எனக்குச் சொல்லித் தந்ததே அவன்தான். சீவல் எடுப்பது பட்டையில் ஒரு மில்லிமீட்டர், கொஞ்சம் கூடலாம், அவ்வளவுதான். ஆழம் குறைந்தால் பால் வராது. ஆழம் கூடி உள்ளே இருக்கும் வளர்தோலில் கத்தி பட்டால் மரம் காயப்படும், புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், பிற்காலத்தில் அந்த இடத்தில் கத்தியே வைக்க முடியாது. இதையெல்லாம் அவன் கண்ணால் பார்த்துச் செய்யவில்லை. அந்த இருட்டில் எதைப் பார்க்க? கத்தி போகும் சத்தத்திலும் கைக்கு வரும் அழுத்தத்திலும் தெரிந்துகொள்கிறான். என் மரங்களை முன்பு வெட்டியவர் போட்ட முடிச்சுகள் இன்னும் இருக்கின்றன. இவன் வெட்டிய பக்கத்தைத் தடவிப் பார்த்தால் மேசைப்பலகை மாதிரி இருக்கிறது.

இப்படி ஒரு பையன் தனக்கு வேலை இல்லை என்று நினைக்கிறான். நினைக்க வைத்தது நாம்தான் மக்கா. ஞாயிற்றுக்கிழமை ஸ்தோத்திரக் காணிக்கை வாசிக்கிறதைக் கேட்டிருக்கிறாயே. விசா கிடைத்ததற்கு, ஜெர்மனி போனதற்கு, பரீட்சையில் தேறியதற்கு, புது வீட்டுக்கு. எல்லாம் நன்றி சொல்ல வேண்டியவைதான், நான் மறுக்கவில்லை. இவனுடைய முதல் கூலிப் பணத்தில் அவன் அம்மா ஐந்நூறு ரூபாய் எடுத்துக் கவரில் போட்டிருக்கிறாள். காரணத்தை எழுதக்கூடாது என்று இவன் கையைப் பிடித்துக்கொண்டானாம். “பெயர் சொல்ல விரும்பாத ஒரு குடும்பத்தார்” என்று வாசித்தார்கள். நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். யாரென்று அப்போது எனக்குத் தெரியாது.

சாயங்காலம் மாற்கு ஆறாம் அதிகாரத்தை எடுத்து வைத்துக்கொண்டேன். எத்தனையோ தடவை பிரசங்கம் கேட்ட பகுதிதான். இயேசு சொந்த ஊர் ஜெப ஆலயத்தில் உபதேசிக்கிறார். கேட்டவர்கள் ஆச்சரியப்படுகிறார்கள், இவனுக்கு இந்த ஞானம் எங்கேயிருந்து வந்தது என்கிறார்கள். அதே மூச்சில் அடுத்த கேள்வி: “இவன் தச்சன் அல்லவா?” ஞானம் இருப்பது அவர்களுக்குக் காதில் விழுகிறது. ஆனால் கையில் உளி பிடித்தவனிடம் அது எப்படி இருக்க முடியும் என்பதுதான் அவர்களுக்குத் தடை. அவரிடத்தில் இடறலடைந்தார்கள் என்று எழுதியிருக்கிறது. அவிசுவாசத்தைப் பற்றி இந்த வசனத்திலிருந்து நிறையக் கேட்டிருக்கிறோம். வேலையைக் கேவலமாகப் பார்ப்பதிலிருந்து அந்த அவிசுவாசம் தொடங்குகிறது என்று யாரும் நமக்குச் சொல்லித் தந்ததில்லை. நாசரேத்தில் அன்றைக்குக் கேட்ட அந்தக் கேள்வியைத்தான் நம் பிள்ளைகள் கண்ணாடி முன்னால் நின்று தங்களையே கேட்டுக்கொள்கிறார்கள்.

யாத்திராகமம் 31-ஐயும் புரட்டினேன். ஆசரிப்புக் கூடாரம் கட்ட வேண்டும். தேவன் பெசலெயேலைப் பெயர் சொல்லி அழைக்கிறார். தம்முடைய ஆவியினாலும் ஞானத்தினாலும் அவனை நிரப்பினேன் என்கிறார். எதற்கு? பொன்னிலும் வெள்ளியிலும் வெண்கலத்திலும் வேலை செய்ய, கல் இழைக்க, மரம் செதுக்க. பிரசங்கம் பண்ண அல்ல. 35-ஆம் அதிகாரத்தில் ஞான இருதயமுள்ள பெண்கள் தங்கள் கையினால் நூல் நூற்றுக் கொண்டுவருகிறார்கள். ஆவியானவர் நிரப்பினார் என்றால் நம் கூட்டங்களில் எதை எதிர்பார்க்கிறோம், இங்கே என்ன நடக்கிறது, பார்!

நம் நாட்டுக்கு இது புதுசா என்ன? நாகர்கோவிலில் 1820-களில் மிஷனரி மால்ட் ஐயரின் மனைவி பெண்பிள்ளைகளுக்கு லேஸ் பின்னச் சொல்லிக் கொடுத்தார். திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1855-ல். அதற்கு எவ்வளவோ முன்னாலேயே நம் பாட்டிமார் கையில் ஒரு தொழிலும் சொந்தக் கூலியும் வந்துவிட்டது. மார்த்தாண்டத்தில் 1920-களில் ஒய்.எம்.சி.ஏ. கிராமப் புனரமைப்பு மையம் வைத்து ஸ்பென்சர் ஹாட்ச் தேனீ வளர்ப்பைச் சொல்லித் தந்தார். உன் தாத்தா புளியமரத்தடியில் வைத்திருந்த தேன்பெட்டி அந்த வழியில் வந்ததுதானே. வேதமும் வேலையும் ஒரே வீட்டுக்குள் இருந்த காலம் அது. எந்த வாசல் வழியாக வேலையை வெளியே அனுப்பினோம் என்றுதான் தெரியவில்லை.

இனி உன் பக்கம் வருகிறேன். உங்கள் கத்தோலிக்க பைபிளைவிட எங்கள் பைபிளில் ஏழு புத்தகம் குறைவு என்று ஒன்பதாம் வகுப்பிலிருந்து என்னைக் குத்திக்கொண்டிருக்கிறாயே, அந்த ஏழில் ஒன்றை இப்போது வாசித்துவிட்டேன், சந்தோஷமா? சீராக்கின் ஞானம் 38. பெருமைப்படாதே, அவரோடு எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. கலப்பை பிடிக்கிறவன் எப்படி ஞானியாக முடியும் என்று கேட்கிறார் மனிதர். மாட்டை ஓட்டிக்கொண்டு, மாட்டைப் பற்றியே பேசிக்கொண்டு இருப்பவனுக்கு அதற்கெல்லாம் நேரம் ஏது என்கிறார். நாசரேத்தூர்க்காரர் குரல் அப்படியே கேட்கிறது. ஆனால் அடுத்த வரிகளில் அவர் கண் எங்கே போகிறது, கவனித்தாயா? உலைச்சூட்டில் உடம்பு வாடும் கொல்லன், காலால் சக்கரத்தைச் சுற்றும் குயவன், எல்லாரையும் பக்கத்தில் நின்று பார்த்து எழுதியிருக்கிறார். கடைசியில் இவர்கள் இல்லாமல் ஒரு நகரமும் குடியிருக்க முடியாது, உலகத்தின் கட்டுக்கோப்பைத் தாங்குகிறவர்கள் இவர்களே, தொழிலே இவர்கள் மன்றாட்டு என்று முடிக்கிறார். அந்தக் கடைசி வரிக்காக முதல் வரியை மன்னித்துவிடலாம் என்று நான் நினைக்கிறேன். நீ சீராக்குக்கு வக்காலத்து வாங்கி நாலு பக்கம் எழுதுவாய், எழுது.

உங்கள் நட்டாலத்துக்காரரையும் நினைத்துக்கொண்டேன். தேவசகாயம் குருவானவரும் இல்லை, துறவியும் இல்லை. பெண்டாட்டி உள்ள மனிதர், அரண்மனை வேலைக்காரர். குளச்சல் போரில் 1741-ல் பிடிபட்ட டச்சுப் படைத்தலைவர் டிலனாய்தான் அவருக்கு, எல்லாம் இழந்தும் விசுவாசத்தை விடாத யோபுவின் கதையைச் சொன்னவர். தேவசகாயம் மாடுகளும் பயிரும் நஷ்டப்பட்டு மனம் நொந்திருந்த நேரத்தில், வேலை நடந்த இடத்தில், உடன் வேலை செய்தவன் வாயிலிருந்து விசுவாசம் வந்தது. 1752 ஜனவரி 14-ல் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022-ல் உரோமையில் புனிதர் பட்டம் கொடுத்தபோது நீ ராத்திரி போன் போட்டு அழுதது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அவருக்கு டிலனாய் யோபு 28-ஐயும் சொல்லியிருப்பாரா என்று இன்றைக்கு யோசித்துக்கொண்டிருந்தேன். மனுஷன் சுரங்கம் வெட்டுகிறான், கன்மலையைப் புரட்டுகிறான், வெள்ளியும் பொன்னும் எடுக்கிறான், அந்தத் திறமையை எவ்வளவு வியந்து சொல்கிறது அந்த அதிகாரம்! பிறகு, ஆனாலும் ஞானம் கண்டெடுக்கப்படுவது எங்கே என்று கேட்கிறது. ஆண்டவருக்குப் பயப்படுவதே ஞானம், பொல்லாப்பை விட்டு விலகுவதே புத்தி என்று பதில் வருகிறது. ஆகவே கைவேலை தெரிந்தால் போதும் என்றும் பிள்ளைகளிடம் சொல்லிவிட முடியாது. பாலில் தண்ணீர் கலக்காதவன், முதலாளி பார்க்காத மரத்தையும் அதே ஆழத்தில் வெட்டுகிறவன், அவனிடம் கையும் பயமும் சேர்ந்து இருக்கிறது. இவனிடம் இருக்கிறது, நான் பார்த்திருக்கிறேன். அவனுக்குத்தான் தெரியவில்லை.

இவ்வளவும் எழுதிய பிறகு ஒரு பயம் வருகிறது மக்கா. அவனிடம் போய் உன் வேலை பரிசுத்தமானது என்று சொல்லிவிட்டு நான் வீட்டுக்கு வந்து படுத்துக்கொண்டால் என்ன பிரயோஜனம்? மழை நாளில் வெட்டில்லை, வெட்டில்லாத நாளில் கூலியில்லை. இலையுதிர் காலத்தில் மரத்துக்கு ஓய்வு, இவனுக்குப் பட்டினி. வங்கிக்காரன் வசனம் கேட்கமாட்டான். சமாதானத்தோடே போங்கள், பசியாறுங்கள் என்று வெறும் வாயால் சொல்லி அனுப்புவதைப் பற்றி யாக்கோபு எவ்வளவு காட்டமாக எழுதியிருக்கிறார்! அவரே ஐந்தாம் அதிகாரத்தில், வயலை அறுத்தவர்களுக்குக் கொடுக்காமல் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்கிறார். நம் சபையில் முன்வரிசையில் உட்காரும் பாதிப் பேருக்குத் தோட்டம் இருக்கிறது. வாலிபருக்கு உழைப்பைப் பற்றிச் சொல்லும் முன்னால் அவர்களுக்குக் கூலியைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று ஆயரிடம் சொல்லப்போகிறேன். கேட்பாரா தெரியாது. நல்ல மனுஷன், கேட்பார் என்றுதான் நினைக்கிறேன்.

என் மரங்களுக்கு மழைநாளிலும் பாதிக் கூலி கொடுப்பதாக இன்றைக்கு முடிவு பண்ணினேன். வீட்டில் கணக்குக் கேட்டார்கள், சொன்னேன், சரி என்றார்கள். என்னைப்போல நாலு பேர் சேர்ந்தால் அவனுக்கு மாசம் ஒரு நிலையான தொகை வரும்.

உன்னிடம் இரண்டு காரியம் கேட்கிறேன். அடுத்த மாதம் இரண்டாம் ஞாயிறு சாயங்காலம் சங்கத்தில் நீ வந்து பேச வேண்டும். கோயம்புத்தூரில் பட்டறை வைத்து முன்னேறிய கதை வேண்டாம், அதைச் சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். லேத்தில் முதல் வருஷம் எப்படிக் கற்றுக்கொண்டாய், விரலைப் போக்கிக்கொண்ட அன்றைக்கு யாரிடம் என்ன ஜெபித்தாய், பொய் பில் கேட்டவனைத் திருப்பி அனுப்பினாயே, அதைச் சொல். ஆர்.சி.க்காரன் எங்கள் சங்கத்தில் பேசலாமா என்று வாத்தியார் மாமா கேட்பார், நான் பார்த்துக்கொள்கிறேன்.

இரண்டாவது, உன் பட்டறையிலோ தெரிந்தவர்களிடமோ அவன் படிப்புக்கு ஏற்ற இடம் இருந்தால் என்னிடம் சொல்லாமல் நேரடியாக அவனிடமே பேசு. இரக்கப்பட்டுக் கூப்பிடுவது போல இருக்கக்கூடாது. அவன் வெட்டிய மரத்தை முதலில் போய்ப் பார், அதைப் பற்றிக் கேள், பிறகு வேலையைப் பற்றிப் பேசு. வர மாட்டேன், வெட்டுக்கே போகிறேன் என்றாலும் சரிதான். இல்லை வருகிறேன் என்றால் சம்பளம் எவ்வளவு என்பதை முதல் நாளே எழுதிக் கொடுத்துவிடு, ஏற்கெனவே ஒருத்தரிடம் ஏமாந்தவன்.

சனிக்கிழமை ராத்திரி வண்டிக்கு டிக்கெட் போட்டுவிட்டு நம்பரை அனுப்பு. நாகர்கோவிலில் பஸ்ஸுக்கு நிற்காதே, நான் வண்டியோடு வந்துவிடுவேன். தைலம் தீர்ந்துகொண்டிருக்கிறது, இரண்டு குப்பி சேர்த்து எடுத்து வா. மதினிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு.

கிறிஸ்துவுக்குள்,
உன் பழைய பெஞ்சுக்காரன்